சோறு போட்ட கை, படம் எழுதிய கை

எழுதுகிறவர்களும் படம் வரைகிறவர்களும் கூடும் இடங்களில் ஒரு விஷயம் மட்டும் தாழ்ந்த குரலில்தான் பேசப்படும். சாப்பாட்டுக்கு என்ன செய்கிறாய் என்பது. வடிவம் பற்றி, கோட்பாடு பற்றி, யார் யாரைப் பார்த்துச் செய்தார் என்பது பற்றியெல்லாம் விடிய விடியப் பேசுவோம். மாத வாடகை எங்கிருந்து வருகிறது என்று யாராவது கேட்டால் பேச்சு அறுந்துபோகும். ஆனால் இருபத்தைந்து வயதில் ஒரு வேலையைத் தொடங்கிய ஒருவர் ஐம்பத்தைந்து வயதிலும் அதைச் செய்துகொண்டிருக்கிறாரா, அதற்குள் வளர்ந்தாரா, தேங்கினாரா, விட்டுவிட்டுப் போனாரா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இந்தக் கேள்விதான். திறமையின் முறை அதற்குப் பிறகுதான் வருகிறது. நான் இப்படி நம்புவதற்குக் காரணம் சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில், இஞ்சம்பாக்கத்தில் இருக்கிறது.

1966ஆம் ஆண்டு ஓவியர்களும் சிற்பிகளுமாக முப்பது நாற்பது பேர் சேர்ந்து அங்கே கடலோர மணலில் ஒரு நிலத்தை வாங்கினார்கள். சோழமண்டலம் கலைஞர் கிராமம் என்று அதற்குப் பெயர். அந்த நிலத்தை அரசாங்கம் ஒதுக்கித் தரவில்லை, எந்தப் பணக்காரரும் தானமாக எழுதி வைக்கவில்லை. அவர்கள் துணியிலும் தோலிலும் உலோகத் தகட்டிலும் தங்கள் கையால் செய்த பொருள்களை விற்றுச் சேர்த்த காசு அந்த நிலத்துக்குள் இருந்தது. இந்தியாவில் கலைஞர்கள் ஒன்றாகக் குடியிருக்கும் முயற்சிகள் வேறு சிலவும் நடந்திருக்கின்றன. இந்த அளவுக்கு, இத்தனை ஆண்டுகள் நிலைத்தது இது ஒன்றுதான்.

இதைத் தொடங்கிவைத்தவர் கே. சி. எஸ். பணிக்கர். 1911இல் பிறந்தவர். பொன்னானிப் பக்கத்து மலபார் குடும்பம். சிறு வயதிலேயே நிலக்காட்சிகள் வரைந்து பெயர் எடுத்த பையன். அப்பா இறந்துபோனதும் படிப்பு நின்றது. குடும்பத்தைக் காப்பாற்றப் பதினெட்டு வயதை ஒட்டித் தந்தி இலாகாவில் வேலைக்குப் போனார். சென்னைக் கலைப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தபோது அவருக்கு இருபத்தைந்து வயது. கூடப் படித்தவர்களில் பலர் அவரைவிடச் சின்னவர்களாக இருந்திருப்பார்கள்.

அவருடைய வாழ்க்கைக் குறிப்புகளில் இந்தத் தந்தி இலாகாக் காலம் ஒரு வரியில் முடிந்துவிடும். எனக்கு அந்த ஒரு வரிதான் முக்கியமாகப் படுகிறது. சம்பளத்துக்காகத் தன் வேலையைத் தள்ளிவைத்தவனுக்கு, சம்பளம் எவ்வளவு அவசியம் என்பதும் தெரியும், அது எதையெல்லாம் விலையாக எடுத்துக்கொள்ளும் என்பதும் தெரியும். பிற்காலத்தில் தன் மாணவர்களின் வயிற்றுப்பாட்டைக் கலைக்கு வெளியே உள்ள ஒரு விவகாரமாக அவர் நினைக்கவில்லை. கலைப் பள்ளியின் மற்ற ஆசிரியர்கள் கோடு சரியில்லை, வண்ணம் சரியில்லை என்று திருத்திக்கொண்டிருந்தபோது, இவர் இந்தப் பையன் டிப்ளோமா வாங்கிக்கொண்டு வெளியே போய் என்ன செய்வான் என்று யோசித்தார். அந்த யோசனையின் விதை தந்தி இலாகாவில் விழுந்திருக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

அந்தப் பள்ளியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் சென்னையில் தனியாகத் தொடங்கிய பள்ளி அது. பின்னர் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. ஆரம்ப நோக்கம் ஓவியர்களை உருவாக்குவது கிடையாது. மண்பாண்டம், உலோக வேலை, மர வேலை, அச்சு போன்ற தொழில்களுக்குக் கைதேர்ந்தவர்கள் வேண்டும், அவ்வளவுதான். 1929இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி தலைமைக்கு வந்த பிறகு ஓவியமும் சிற்பமும் முன்னுக்கு வந்தன. மெரினாவில் நாம் எல்லோரும் பார்த்திருக்கும் உழைப்பாளர் சிலை அவர் செய்தது. பாறையைப் புரட்டும் அந்த நான்கு மனிதர்களின் தசையும் நரம்பும் அந்தக் காலத்துப் பயிற்சி எப்படிப்பட்டது என்பதைக் காட்டும். ஆனாலும் கைத்தொழில் பிரிவுகள் அந்த வளாகத்தை விட்டுப் போகவில்லை. ஒரு கூடத்தில் கான்வாஸ், அடுத்த கூடத்தில் உலையும் சாயத் தொட்டியும். 1957இல் ராய் சௌத்ரிக்குப் பிறகு பணிக்கர் முதல்வரானபோது இந்த இரண்டும் அவர் கண்ணெதிரே இருந்தன. அவற்றுக்கு இடையில் இருந்த சுவர்தான் அவருக்குத் தேவையற்றதாகத் தெரிந்தது.

அன்றைய சென்னையில் ஒரு நவீன ஓவியனின் நிலைமை என்ன? சங்கீதத்துக்குச் சபாக்கள் இருந்தன. நாட்டியத்துக்கு அரங்கமும் ரசிகர்களும் இருந்தார்கள். நவீன ஓவியத்தைக் காசு கொடுத்து வாங்கிச் சுவரில் மாட்டும் வழக்கம் இந்த ஊரில் ஏறக்குறைய இல்லை. பம்பாயிலும் டெல்லியிலும் இருந்த காட்சிக்கூடங்களும் வாங்குவோரும் இங்கே இல்லை. கலைப் பள்ளியை முடித்து வருகிறவன் பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டர் ஆகலாம், விளம்பரக் கம்பெனியில் சேரலாம், சினிமா பேனர் எழுதலாம், பத்திரிகைத் தொடர்கதைக்குப் படம் போடலாம். இவை எதுவும் கேவலமான தொழில்கள் இல்லை. ஆனால் எல்லாவற்றிலும் ஒரு பொது அம்சம் உண்டு: இன்னொருவர் சொன்னதை, இன்னொருவருக்குப் பிடித்த மாதிரி, நாள் முழுக்கக் கை செய்துகொண்டிருக்க வேண்டும். ராத்திரி எட்டு மணிக்கு வீடு திரும்பும் கை தன் சொந்தக் கோட்டை மறந்திருக்கும். பத்து வருஷம் இப்படிப் போனால் மறதி நிரந்தரமாகிவிடும்.

இந்த இடத்தில்தான் பணிக்கரும் மாணவர்களும் பாத்திக் பக்கம் திரும்பினார்கள்.

பாத்திக் செய்முறை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், ஏனென்றால் என் பேச்சின் பாதி இந்தச் செய்முறையில்தான் அடங்கியிருக்கிறது. மெழுகை உருக்கித் துணியின் மேல் தூரிகையாலோ, மூக்குள்ள சின்னக் கருவியாலோ கோடு இழுப்பார்கள். பாரஃபினும் தேன்மெழுகும் கலந்த மெழுகு. சூடு குறைந்துபோனால் மெழுகு துணிக்குள் இறங்காமல் மேலாகவே உட்கார்ந்துவிடும். சூடு மிஞ்சினால் கோடு பரவிக் கெட்டுப்போகும். மெழுகு பிடித்த இடத்தில் சாயம் ஏறாது. அதனால் நிறம் வேண்டாத இடத்தைத்தான் வரைய வேண்டும். முதலில் வெளிர் சாயம், உலர்ந்ததும் அந்த நிறம் நிலைக்க வேண்டிய இடத்தில் மறுபடி மெழுகு, பிறகு அதைவிட அடர்ந்த சாயம் என்று படிப்படியாக இருட்டை நோக்கிப் போவது அந்த வேலை. சாயம் குளிர்ந்ததாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மெழுகு உருகிப் போட்ட உழைப்பெல்லாம் வீணாகும். துணியை மடக்கும்போது மெழுகில் விரிசல் விட்டு, அந்த விரிசலில் சாயம் புகுந்து, யாரும் வரையாத மெல்லிய நரம்புகள் துணியெங்கும் ஓடும். கடைசியில் கொதிநீரில் போட்டு மெழுகை எடுக்கும்வரை செய்தவனுக்கே தன் படம் முழுதாகத் தெரியாது.

இதில் ரப்பர் வைத்து அழிக்க வழியில்லை. மேலே வண்ணம் பூசி மறைக்கவும் முடியாது. போட்ட கோடு போட்டதுதான். எந்த நிறம் எப்போது வரும் என்பதை முதல் கோட்டுக்கு முன்பே மனசுக்குள் முடிவு செய்துவிட வேண்டும். தனக்குக் கட்டுப்படாத ஒன்று, அந்த விரிசல், படத்துக்குள் வந்தே தீரும் என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். விற்பனைக்கான சேலைக்கும் திரைச்சீலைக்கும் இதைச் செய்தவர்களுக்கு, தாங்கள் கேட்காத ஒரு பயிற்சி கிடைத்தது. சென்னைக் கலைஞர்களின் ஓவியங்களைப் பார்க்கிறவர்கள் முதலில் கவனிப்பது கோட்டை. ஆழமும் நிழலும் காட்டி ஏமாற்றாமல், தட்டையான பரப்பில், தயக்கமில்லாமல் ஓடும் கோடு. அது பாத்திக்கிலிருந்து வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். கோயில் சுவரிலிருந்தும் கோலத்திலிருந்தும் வந்த மரபு அது. ஆனால் தினமும் சில மணி நேரம் அழிக்க முடியாத கோட்டைப் போட்டுப் பழகிய கை, மாலையில் கான்வாஸ் முன்னால் வந்து நிற்கும்போது வேறு மாதிரித்தானே நிற்கும்?

உலோகத்திலும் இதே கதைதான். பி. வி. ஜானகிராம் தகட்டை வெட்டி, அடித்து வளைத்து, கம்பி பற்றவைத்துச் சிற்பம் செய்தார். சுற்றி வந்து பார்க்க வேண்டிய சிற்பங்கள் அல்ல அவை. நேர் எதிரே நின்று பார்க்க வேண்டியவை. மூலவருக்குச் சார்த்தும் வெள்ளிக் கவசத்தையும் கோயில் கதவில் அறைந்த பித்தளைத் தகட்டையும் பார்த்து வளர்ந்த கண் அதில் தெரியும். பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால் செம்பும் எனாமலும் கொண்டு அந்த வழியை இன்னும் தூரம் கொண்டுபோனார். எஸ். ஜி. வாசுதேவ் செம்புத் தகட்டில் புடைப்பு வேலையும் பாத்திக்கும் செய்தார். ஓவியத்தில் அவர் வரைந்த மரங்களுக்கும் அந்தத் தகட்டு வேலைக்கும் உள்ள உறவை யாரும் தனியாகச் சுட்டிக்காட்ட வேண்டியதில்லை, பார்த்தாலே தெரியும். சோற்றுக்காகச் செய்த வேலை இவர்களுடைய சொந்த வேலைக்கு எதிரியாக நிற்கவில்லை. அதற்குத் தீனி போட்டது.

இங்கே நம் எழுத்தாளர்களை நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. அவர்களும் இதே கேள்வியைச் சந்தித்தார்கள், வேறு வழியில் தீர்த்துக்கொண்டார்கள். ந. பிச்சமூர்த்தி கோயில் நிர்வாக அதிகாரி. மௌனி சிதம்பரத்தில் அரிசி ஆலை நடத்தினார். நகுலன் திருவனந்தபுரத்தில் ஆங்கிலம் கற்பித்தார். தி. ஜானகிராமன் வானொலியில் இருந்தார். சுந்தர ராமசாமிக்கு நாகர்கோவிலில் ஜவுளிக் கடை. அசோகமித்திரன் ஜெமினி ஸ்டுடியோவில் பல ஆண்டுகள் வேலை பார்த்து, சோழமண்டலம் தொடங்கிய அதே 1966இல்தான் அதை விட்டு வெளியே வந்தார். ஒவ்வொருவரும் தனித்தனியாக, அவரவர் வீட்டுக்குள், ஒரு சம்பளத்தையோ வியாபாரத்தையோ எழுத்திலிருந்து தூரமாக வைத்துக்கொண்டார்கள். எழுத்தைச் சந்தையிடம் ஒப்படைக்காமல் இருக்க அது உதவியது. அவர்கள் எழுதியது எதையும் விற்றுத்தான் தீர வேண்டும் என்ற நெருக்கடி இருக்கவில்லை. அந்தக் காலத்துச் சிறுபத்திரிகைகள் எல்லாம் அந்தச் சம்பளங்களின் மிச்சத்தில் ஓடியவை. அந்த மரபுக்கு நான் தலை வணங்குகிறேன்.

ஆனால் அதன் இழப்பையும் சொல்ல வேண்டும். அது தனிமையான தீர்வு. ஒருவர் கண்டுபிடித்த வழி இன்னொருவருக்குக் கைமாறவில்லை. அடுத்து எழுத வந்த ஒவ்வொருவரும் மறுபடி முதலிலிருந்து, வங்கித் தேர்வோ தபால் இலாகாவோ என்று தொடங்க வேண்டியிருந்தது. இஞ்சம்பாக்கத்தில் நடந்தது இதற்கு நேர் மாறு. கலைஞர்களின் கைவினைச் சங்கம் என்று ஒன்றை ஏற்படுத்தி, பிழைப்பைப் பொதுவில் வைத்துப் பேசினார்கள். செய்தது என்ன, விற்றது எவ்வளவு, சங்கத்துக்கு எவ்வளவு, செய்தவனுக்கு எவ்வளவு என்று கணக்கு எழுதினார்கள். வெட்கப்பட்டு மறைத்த விஷயத்தை மேசைமேல் வைத்ததே பெரிய விடுதலையாக இருந்திருக்கும்.

சென்னையின் ஓவியர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் அப்போது நெருக்கம் இருந்தது. 1970இல் தொடங்கிய ‘கசடதபற’ போன்ற இதழ்களில் அந்தக் கோடுகளைப் பார்க்கலாம். பணிக்கரின் காலத்துக் கலைப் பள்ளியிலிருந்து வந்த ஆதிமூலம் நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்துக்கொண்டே காந்தியைக் கோடுகளில் தொடர்ந்து வரைந்தார், சிறுபத்திரிகைகளுக்கும் புத்தகங்களுக்கும் படம் கொடுத்தார். இன்று நம் நூல்களின் அட்டை பார்க்கும்படியாக இருக்கிறதென்றால் அதற்கு அவரைப் போன்றவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். கூட்டாக வாழும் யோசனை மட்டும் ஓவியர்களிடமிருந்து நமக்குத் தொற்றிக்கொள்ளவில்லை.

அந்த முதல் ஆண்டுகள் எப்படி இருந்தன? சவுக்குத் தோப்பு, மணல், பக்கத்தில் மீனவர் குப்பம். இன்றைய நாற்சந்திகளும் மாளிகைகளும் அங்கே கிடையாது. ஓலைக் குடிசைகள் போட்டார்கள். மின்சாரம் வந்து சேரக் காலமாயிற்று. பட்டணத்துக்குப் போய் வருவது ஒரு நாள் வேலை. ஆளுக்கொரு மனை, அதில் அவரவர் சக்திக்கு ஏற்ற வீடு. வேலைக்கூடம், காட்சிக்கூடம், திறந்தவெளி அரங்கம் எல்லாம் பொது. இந்தப் பிரிவினை சாதாரணமாகத் தோன்றும். எனக்கு இதில் பெரிய விவேகம் தெரிகிறது. எல்லாவற்றையும் பொதுவாக்கி ஒரே சமையலறையில் சாப்பிட்டிருந்தால் சில ஆண்டுகளில் சண்டை போட்டுப் பிரிந்திருப்பார்கள். கதவைச் சாத்திக்கொள்ள ஒரு வீடு, கதவைத் திறந்தால் பேச ஒரு ஆள். படைக்கிறவனுக்கு இந்த இரண்டும் வேண்டும். பத்தடி தூரத்தில் இன்னொருவன் தன் பழைய பாணியை உதறிவிட்டுப் புதிதாக ஒன்றோடு மல்லுக்கட்டுவதைத் தினமும் பார்க்கும்போது, தான் சென்ற வருஷம் செய்ததையே இந்த வருஷமும் செய்ய யாருக்கும் மனம் வராது.

அப்படி உதறியவர்களில் முதல் ஆள் பணிக்கரே. வளர்ச்சி என்ற சொல்லை நாம் இப்போது மிக மலிவாகப் புழங்குகிறோம். ஒவ்வொரு நாளும் நேற்றைவிடக் கொஞ்சம் திறமை கூடுவது என்று அதற்குப் பொருள் வைத்திருக்கிறோம். பணிக்கரின் வாழ்க்கையில் அது வேறு மாதிரி நடந்தது. நீர்வண்ணத்தில் நிலக்காட்சி வரைவதில் அவர் ஏற்கெனவே தேர்ந்தவர். பிறகு வான் கோவின் தாக்கம் தெரியும் வண்ணங்களில் மனித உருவங்கள், தோட்டங்கள். 1954இல் லண்டனில் கண்காட்சி வைத்தார், ஐரோப்பாவைப் பார்த்துவிட்டு வந்தார். கல்லூரி முதல்வர், அகில இந்தியப் புகழ் எல்லாம் இருந்தன. ஓய்வு பெற நான்கு ஆண்டுகள் இருக்கும்போது, ஐம்பத்திரண்டு வயதில், 1963ஐ ஒட்டி, அத்தனையையும் ஒதுக்கி வைத்துவிட்டு ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையைத் தொடங்கினார்.

அந்தப் படங்களில் வாசிக்க முடியாத எழுத்துகள் வரிவரியாக ஓடுகின்றன. மலையாள எழுத்துப் போல இருக்கும், எழுத்தாக இருக்காது. ஜாதகக் கட்டங்கள், கணக்குச் சூத்திரங்கள், தாந்திரிகச் சக்கரங்கள், நடுவில் ஒரு மீன், ஒரு பறவை, குழந்தை கிறுக்கியது போல ஒரு ஆள். ஒரு மாணவனின் கணக்கு நோட்டுப் பக்கத்தைத் தற்செயலாகப் பார்த்ததில் இது தொடங்கியது என்று சொல்லப்படுவது உண்டு. அவர் அதுவரை சம்பாதித்த லாவகம் எதற்கும் இந்தப் படங்களில் வேலை இல்லை. ஒளி விழும் விதம், நீரில் நிறம் கரையும் அழகு, உடம்பின் வளைவு எல்லாம் போய்விட்டன. கை தெரிந்துவைத்திருந்ததை மறந்தால்தான் அந்த எழுத்து வரும். கற்றதைக் கூட்டிக்கொண்டே போவதற்கு ஒழுங்கும் உழைப்பும் போதும். இந்த மாதிரி உதறுவதற்கு நெஞ்சுரம் வேண்டும். தன் மாணவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, முதல்வர் நாற்காலியில் இருந்துகொண்டே, மறுபடி தெரியாதவனாக ஆவது இன்னும் கடினம். ஒரு ஆசிரியர் தன் பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய பாடத்தைக் கற்றுக்கொடுத்திருக்க முடியாது என்பது என் எண்ணம். அந்த வரிசையிலேயே 1977இல் இறக்கும்வரை அவர் வேலை செய்தார்.

இதையும் பாத்திக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்தப் படங்கள் விற்குமா என்ற கவலை அவரைப் பின்னுக்கு இழுக்கவில்லை. சுற்றி இருந்த இளைஞர்களும் அந்தக் கவலையில்லாமல் தங்கள் தங்கள் திசைக்குப் போனார்கள். கே. வி. ஹரிதாசன் தாந்திரிக வடிவங்களுக்குள் போனார். விசுவநாதன் பாரிஸுக்குப் போய் அங்கேயே தங்கி, பின்னாளில் இந்தியக் கடற்கரை நெடுகப் பயணம் செய்து மணல் சேகரித்து, அதைப் பற்றிப் படமும் எடுத்தார். ஒரே பள்ளியில் படித்து ஒரே மணலில் குடியிருந்தவர்களின் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று மற்றொன்றின் நகலாகத் தெரியவில்லை. சேர்ந்து வாழ்ந்தால் எல்லோரும் ஒரே மாதிரி ஆகிவிடுவார்கள் என்று பயப்படுகிறவர்கள் இதைப் போய்ப் பார்க்க வேண்டும்.

கே. ராமானுஜத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கிராமத்தைப் புகழ்வது நியாயமாகாது. 1941இல் பிறந்த சென்னைக்காரர். பேச்சில் தடங்கல், மனிதர்களோடு பழகுவதில் கூச்சம். பேனாவும் மையும் கொண்டு அவர் வரைந்த உலகம் யாரிடமும் இல்லாதது: அடுக்கடுக்கான கோபுரங்கள், மாளிகைகள், பாம்புகள், இறகுள்ள விலங்குகள், வானத்தில் மிதக்கும் பெண்கள், எல்லாவற்றுக்கும் நடுவே தொப்பி போட்ட ஒரு ஆள், அவரே. பணிக்கர் அவரைக் கண்டுகொண்டு கையோடு வைத்துக்கொண்டார். வேறு எந்த இடத்திலும் அந்த மனிதருக்கு ஒரு மூலைகூடக் கிடைத்திருக்காது. ஆனாலும் 1973இல், அந்தக் கிராமத்திலேயே, ராமானுஜம் தன் உயிரை முடித்துக்கொண்டார். முப்பத்திரண்டு வயதுகூட நிரம்பியிருக்குமோ என்னவோ.

ஒரு வேலைக்கூடமும் கொஞ்சம் வருமானமும் நண்பர்களும் இருந்தால் எந்த மனத்துயரமும் ஆறிவிடும் என்று நினைக்கிறவர்கள் இந்த இடத்தில் நிற்க வேண்டும். ஆறாது. படைப்பே மருந்தாகும் என்று சொல்வதையும் நான் ஏற்க மாட்டேன். ராமானுஜத்துக்கு வேண்டியிருந்தது வேறு வகைக் கவனிப்பு, அதற்கான அறிவும் வசதியும் அந்தக் காலத்தில் அரிது. வேதனைதான் அவரைப் பெரிய ஓவியராக்கியது என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. வேதனை அவருக்கு இன்னும் முப்பது நாற்பது ஆண்டு ஓவியங்களை இல்லாமல் ஆக்கியது. அவ்வளவுதான் அது செய்தது.

பெண்களைப் பற்றியும் கேட்க வேண்டும். வாசுதேவின் மனைவி அர்னவாஸ் அங்கே வாழ்ந்து ஓவியராகவும் பாத்திக் கலைஞராகவும் இயங்கினார். 1988இல் இளம் வயதிலேயே இறந்துபோனார். அவரைப் போல இன்னும் சிலரைச் சொல்லலாம், நீண்ட பட்டியல் வராது. பணிக்கரிடம் சென்னையில் படித்த டி. கே. பத்மினி, பொன்னானிப் பக்கத்துக்காரர், 1969இல் பிரசவத்தில் இறந்தபோது முப்பது வயதுகூட ஆகவில்லை. அந்த வயதுக்குள் அவர் வரைந்துவிட்டுப் போன பெண்ணுடல்களையும் இரவுகளையும் பார்த்தால் மனம் கனக்கும். காலையில் சில மணி நேரம் கைத்தொழில், மீதி நேரம் சொந்த ஓவியம் என்ற ஏற்பாடு, வீட்டில் அடுப்பை வேறொருவர் பார்த்துக்கொள்கிறார் என்ற நம்பிக்கையின் மேல்தான் நின்றது. அந்த வேறொருவர் யார் என்று எந்தச் சங்கமும் மேசைமேல் வைத்துப் பேசவில்லை. சோழமண்டலத்தின் தீர்வு பாதித் தீர்வுதான். மீதிப் பாதி நம் தலைமுறையிடம் இருக்கிறது.

காலம் போகப் போக அந்தக் கிராமமும் மாறியது. பலருக்கு ஓவியமே சோறு போடத் தொடங்கியதும் பாத்திக் மெல்லப் பின்வாங்கியது. சிலர் ஊரை விட்டுப் போனார்கள், முதல் தலைமுறையில் பலர் காலமாகிவிட்டார்கள். கடற்கரைச் சாலை அகலமாகி, நிலத்தின் விலை அந்த மணலில் குடிசை போட்டவர்கள் கனவிலும் நினைக்காத உயரத்துக்குப் போய்விட்டது. இன்று இருபத்தைந்து வயது ஓவியர்கள் முப்பது பேர் சேர்ந்தாலும் அங்கே ஒரு மனை வாங்க முடியாது. அதனால் அந்த அனுபவம் செல்லாது என்று சிலர் சொல்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அவர்கள் நிலத்தில் தொடங்கவில்லை. கையில் ஒரு தொழிலையும் பக்கத்தில் நாலு பேரையும் வைத்துக்கொண்டு தொடங்கினார்கள்; நிலம் பிறகு வந்தது.

இன்று கலைக் கல்லூரியிலிருந்தும், திரைப்படப் பள்ளியிலிருந்தும், எழுத்துப் பட்டறைகளிலிருந்தும் வெளியே வரும் இளைஞர்களோடு பேசும்போது ஒன்றைக் கவனிக்கிறேன். இரண்டே வழிகள்தான் இருப்பதாக அவர்கள் நினைக்கிறார்கள். ஒன்று, தங்கள் சொந்த வேலையையே உடனடியாக விற்பனைக்கு ஏற்ற மாதிரி வளைப்பது. இல்லாவிட்டால், கணினிக் கம்பெனியில் பத்து வருஷம் சம்பாதித்துவிட்டுப் பிறகு வந்து உட்கார்ந்துகொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது. முதல் வழியில் போகிறவர்களின் கோடு சீக்கிரம் சலித்துப்போகிறது. இரண்டாவது வழியில் போகிறவர்கள் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. அவர்களிடம் நான் சொல்வது இதுதான். உங்கள் கைக்குத் தெரிந்த ஒரு சின்னத் தொழிலைத் தேர்ந்தெடுங்கள். அச்சு, பைண்டிங், மொழிபெயர்ப்பு, மெய்ப்புப் பார்த்தல், மண்பாண்டம், துணிச் சாயம், குழந்தைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்தல், எதுவானாலும் சரி, உங்கள் சொந்த வேலையோடு ரத்த உறவு உள்ளதாக இருக்கட்டும். அதற்குத் தினமும் இத்தனை மணி நேரம் என்று வரம்பு கட்டுங்கள். தனியாகச் செய்யாதீர்கள், மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரு வாடகை அறை எடுங்கள், வரவு செலவை ஒரே நோட்டில் எழுதுங்கள், வீட்டு வேலையையும் அந்த நோட்டில் சேருங்கள். உங்களில் யாராவது சோர்ந்து தனியே ஒதுங்கினால் அவரை மருத்துவரிடம் அழைத்துக்கொண்டு போங்கள்.

வாசகர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மாமல்லபுரம் போகும் வழியில் இஞ்சம்பாக்கத்தில் இறங்குங்கள். சோழமண்டலத்துக்குள் இருக்கும் அருங்காட்சியகத்தில் சென்னைக் கலை இயக்கத்தின் ஓவியங்களும் சிற்பங்களும் இருக்கின்றன. பிள்ளைகளையும் அழைத்துப்போய் நிதானமாகப் பார்க்க விடுங்கள். திருவனந்தபுரம் போனால் அங்கே அரசு அருங்காட்சியக வளாகத்தில் பணிக்கரின் படங்களுக்கென்றே ஒரு காட்சிக்கூடம் உண்டு, அதையும் தவறவிடாதீர்கள். பிறகு, உங்கள் ஊரில் வரைந்துகொண்டிருக்கும் ஒருவரைத் தேடிப் போய், உங்களுக்குப் பிடித்த ஒரு படத்தை, எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சரி, விலை கொடுத்து வாங்குங்கள்.